உளுந்தில் ஒட்டிய இதயம்

அந்த இதயத்தை நெல்லும் அரிசியும் உளுந்தும் வைத்துச் செய்தோம். செய்தோம் என்று பன்மையில் சொல்வது அலுவலகப் பழக்கம். செய்தது விலங்கியல் ஆசிரியை. தஞ்சாவூருக்கும் பூதலூருக்கும் நடுவில் இருந்த எங்கள் பள்ளியில் நான் அலுவலகக் கண்காணிப்பாளர். என் பங்கு, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டது.

பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணுக்காக அதைச் செய்தார். பிறவியிலேயே அவளுக்குப் பார்வை கிடையாது. அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். பதினொன்றில் உயிரியல் பிரிவுதான் வேண்டும் என்று நின்றாள். கலைப்பிரிவு என்றால் எனக்கு ஒரு வரிக் குறிப்போடு வேலை முடிந்திருக்கும். அறிவியலில் சேர்க்கக் கூடாது என்று எந்த ஆணையும் இல்லை; சேர்க்கச் சொல்லியும் எங்கள் கோப்பில் எதுவும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் மேலிடத்துக்கு எழுதிக் கேட்பதுதான் முறை. எழுதினேன். அதிகாரி நேரில் வந்து அவளைச் சோதித்து முடிவு சொல்வார் என்று பதில் வந்தது.

அந்தக் கோடை முழுவதும் ஆய்வகத்தில் மைதாப் பசை வாசம். இப்போதும் எங்காவது சுவரொட்டி ஒட்டுகிறவர்களைக் கடந்தால் அந்த அறை நினைவுக்கு வந்துவிடுகிறது. தடித்த அட்டையில் தமனிக்குப் பச்சரிசி, சிரைக்கு நெல், இதயத்தின் சுவர்களுக்கு உடைத்த உளுந்து. முதல் அட்டையைத் தடவிப் பார்த்த உடனே அவள் குறை சொன்னாள்.

"டீச்சர், பொன்னி வேண்டாங்க டீச்சர். விரல்ல நிக்கவே மாட்டேங்குது. குண்டு நெல்லு ஒட்டுங்க."

"ஏம்மா, நெல்லு ரகத்துல மார்க் போட மாட்டாங்க" என்றேன்.

"போட்டா நான்தாங்க சார் ஃபர்ஸ்ட்."

அட்டைகள் தயாரானதும், கோப்பின் இணைப்பு என்பதால் கட்டிப் பதிவறையில் வைக்கச் சொன்னேன்.

"லேப்லயே கண்ணாடி அலமாரியில இருக்கட்டும் சார். பதிவறையில எலி இருக்கு" என்றார் ஆசிரியை.

"இத்தனை வருஷத்துல அது என் கோப்பு ஒண்ணையும் தொட்டதில்ல டீச்சர். அதுக்குப் படிக்கப் பிடிக்காது."

அதிகாரி வந்த அன்று கட்டைப் பிரித்து முதல் அட்டையை மேசையில் வைத்தேன். வைத்த பிறகுதான் பார்த்தேன். கீழறைகள் இரண்டுக்கும் நடுவே ஓடிய உளுந்துச் சுவரைக் காணோம். பசையின் தடம்கூட வழித்தெடுத்தாற்போல் இருந்தது. மேலே ஆசிரியையின் கையெழுத்தில் 'மனித இதயம்'. பக்கத்தில் என் சுருக்கொப்பம். சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இணைப்பே செல்லாது, சோதனையும் தள்ளிப்போகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நான் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி அதை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

"இது என்னன்னு சொல்லி, பாகங்களைச் சொல்லும்மா."

அவள் விரல்கள் மேலிருந்து கீழே வந்தன. நடுவில் நின்றன. மறுபடி மேலே போய் வந்து அதே இடத்தில் நின்றன. ஆசிரியையின் முகம் வெளுத்துவிட்டது. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"என்னம்மா, தெரியலையா?"

"தெரியுதுங்க சார். ஆனா இது மனுசன் இதயம் இல்லைங்க."

"மனித இதயம்னு மேல எழுதியிருக்கே."

"எழுதினது எனக்கு எப்படிங்க சார் தெரியும்? மேல ரெண்டு அறை இருக்கு. கீழ நடுச்சுவர் இல்ல, ஒரே அறைதான். தவளைக்குத்தான் இப்படி இருக்கும்."

அதிகாரி அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் பல் பட்ட தடம் இருந்தது.

"இதுல சுருக்கொப்பம் யாருது?"

"என்னுதுதான் சார். எலி தின்னுடுச்சு. முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"படிக்கப் பிடிக்காத எலி சார் அது" என்றார் ஆசிரியை, என்னைப் பார்க்காமலே.

அதிகாரி சிரிக்கவில்லை. அவளிடம் திரும்பினார். "சரி, மனுசனுக்கு அந்தச் சுவர் இல்லாமப் போனா என்ன ஆகும்?"

"நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்துடுங்க சார். கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கும். தவளைக்குப் பரவால்ல, அது தோல்லயும் மூச்சு விட்டுக்கும்."

அவர் எழுதிய குறிப்பு மூன்று சொற்கள்: உயிரியல் பிரிவில் சேர்க்கவும். என் பணிக்காலத்தில் அவ்வளவு சுருக்கமான ஆணையை நான் கண்டதில்லை.

அவர் போன பிறகு அவள் கிளம்பவில்லை. "சார், அந்தச் சுவரை நானே ஒட்டிடுறேங்க. உளுந்து மட்டும் வாங்கிக் குடுங்க."

கடைக்கு நானே போய் வாங்கி வந்தேன். ஆய்வக மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு பருப்பாக அடுக்கி ஒட்டினாள். காய்ந்ததும் என்னைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். அறையும் தெரியவில்லை, குழாயும் தெரியவில்லை. உளுந்து மட்டும்தான் தெரிந்தது.

"மெதுவாப் பாருங்க சார். அவசரமே இல்ல" என்றாள்.