ஒற்றைத் தும்மல்

என் மாமியார் ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்றுதான் காரில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது என்று சொன்னால், மருமகள் குத்திக்காட்டுகிறாள் என்பீர்கள். உண்மையில் அது அதற்கு முன்பே இருந்தது. பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தெருமுனை வேகத்தடையை ஏறி இறங்கும்போதெல்லாம் இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ‘டொக்’ என்று ஒன்று கேட்கும். பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ ஒரே ஒருமுறை கதவைத் தட்டிவிட்டு நிறுத்திக்கொள்வது போல. ஓட்டுகிற என் கணவருக்கு அது கேட்காது. பக்கத்தில் உட்காரும் எனக்கு உள்ளங்காலில் கேட்கும்.

நச்சரித்து நச்சரித்து ஒருநாள் ஜீவனஹள்ளியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்ட வைத்தேன். பால் ஜாயின்ட் போய்விட்டது என்றார் மெக்கானிக். சக்கரத்தையும் அதைப் பிடித்திருக்கும் இரும்புக் கையையும் இணைக்கிற மூட்டு அது. நம் தோள்மூட்டு மாதிரி, கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. கிண்ணம் தேய்ந்தால் குண்டு ஆடும். கழன்றுகொண்டால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். “மாத்தாம ஹைவேல மட்டும் போயிடாதீங்க மேடம்” என்றார். சொன்னது என்னைப் பார்த்து.

நாங்கள் போக வேண்டியிருந்ததோ ஹைவேயில்தான். மகளுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட நாள் குறித்தாகிவிட்டது. கோயில் திருப்பத்தூர் பக்கம். ஓசூர் தாண்டினால் என் கணவரின் கால் ஆக்சிலரேட்டரிலிருந்து எழும்பாது. முன்சீட்டு மாமியாருக்கு. பின்சீட்டில், அதே இடதுபக்கம், நானும் என் மடியில் மூன்று வயது மகளும். அந்த மூட்டு கழன்றால் என்ன ஆகும் என்று நினைக்கும்போதெல்லாம் குழந்தையின் தலையை என் கை தானாகவே போய்ப் பொத்திக்கொண்டது.

ஒர்க்‌ஷாப்பில் அடுத்த வாரம்தான் வண்டியை எடுக்க முடியும் என்றார்கள். “எதுக்கு? நானே மாத்திடறேன்” என்றார் என் கணவர். வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவர். போன வருஷம் வீடியோ பார்த்து பிரேக் பேடு மாற்றி, அது சரியாகவும் அமைந்துவிட்டது. அதிலிருந்து தலைகால் புரியவில்லை. உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்குப் போய்ப் புது ஜாயின்டை வாங்கிவந்து, பிரசாதம் மாதிரி டைனிங் டேபிள் நடுவில் வைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் காம்பவுண்டுக்குள் வேலை தொடங்கியது. ஜாக்கி வைத்துத் தூக்கி, வண்டிக்கு அடியில் கட்டடம் கட்டுகிற சைஸ் கல் இரண்டை முட்டுக்கொடுத்தார். டார்ச் பிடிக்கிற வேலை எனக்கு. மாமியார் மாடிப்படியில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சக்கரத்தைக் கழற்றியதும் பழைய ஜாயின்ட் தெரிந்தது. ரப்பர் உறை கிழிந்து, உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்து கறுத்துப்போயிருந்தது. என் கணவர் கம்பியால் நெம்பியபோது, விழப்போகிற பல் மாதிரி அங்கும் இங்கும் ஆடியது. இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் குழந்தையை ஏற்றிக்கொண்டு சுற்றினோம்?

அவருக்கு ஒரு நல்ல பழக்கம், கெட்ட பழக்கமும் அதுதான்: எதைச் செய்தாலும் எதிரில் இருப்பவருக்குப் பாடம் எடுப்பார். அன்றைக்கு மாணவி நான். “குண்டுலேருந்து நீட்டிட்டிருக்கற இந்தத் தண்டு இருக்கில்ல, இது சக்கரத்துப் பக்கத்து ஓட்டைக்குள்ள முழுசா மேல ஏறணும். தண்டோட கழுத்துல ஒரு பள்ளம் இருக்கு பாரு. குறுக்க வர்ற போல்ட் அந்தப் பள்ளத்துல உக்காரணும். அதுதான் பூட்டு” என்றார். நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். பழைய தண்டு கொஞ்சம்கூட வெளியே தெரியாமல் முழுக்க உள்ளே புதைந்திருந்தது. அந்தக் குறுக்கு போல்ட்டைக் கழற்றத்தான் அவருக்கு நாக்குத் தள்ளியது. சுத்தியல் சத்தத்தில் தெருநாய்கள் எழுந்து போய்விட்டன.

புதியதைப் பொருத்தும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பெங்களூர் மழைக்கு எப்போது வர வேண்டும் என்று தெரியும். அவர் அவசர அவசரமாகக் கம்பியால் நெம்பித் தண்டை உள்ளே தள்ளி, குறுக்கே போல்ட்டைச் சொருகினார். கழற்றும்போது அவ்வளவு அடம்பிடித்த போல்ட், சுத்தியலே இல்லாமல், விரலால் தள்ளியதற்கே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

எனக்குச் சுருக்கென்றது. “என்னங்க, இவ்ளோ ஈஸியா போவுதே? பள்ளத்துல உக்காந்துச்சா?”

“பழசு துரு புடிச்சிருந்துச்சு. புதுசு அப்டித்தான் போவும். டார்ச்ச நேரா புடி.”

நேராகத்தான் பிடித்திருந்தேன்.

மழை விட்டதும் தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்தார். டொக் சத்தம் இல்லை. கையைக்கூடக் கழுவாமல் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னார். மாமியார் மகனின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். எனக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. அத்தனை நாள் அந்தச் சத்தம் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்றாவது சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது வாயை மூடிக்கொண்டுவிட்டது. சத்தம் போடுகிறவர்களைவிட வாயை மூடிக்கொள்கிறவர்களிடம் எனக்கு எப்போதுமே பயம் அதிகம்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். மாமியார் முறைப்படி நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினார். என் கணவர் வண்டியை மெதுவாக முன்னால் நகர்த்தினார். மூன்று பழங்கள் நசுங்கின. இடது முன்சக்கரத்துப் பழம் மட்டும் நசுங்காமல் பக்கவாட்டில் தெறித்து, செம்பருத்திச் செடிக்கு அடியில் போய் உருண்டது. மாமியாரின் முகம் சுருங்கிவிட்டது. “யாரு கண்ணோ பட்டிருக்கு” என்றார். வேறு பழம் எடுத்து, குழந்தையைச் சுற்றி, வண்டியைச் சுற்றி, என்னிடம் கொடுத்தார். “நீ வையும்மா. எனக்குக் குனிய முடியல.”

குனிந்தேன். ஸ்டியரிங் திரும்பியிருந்ததால் சக்கரத்துக்குப் பின்னால் இடைவெளி இருந்தது. போன் டார்ச்சைப் போட்டுப் பார்த்தேன். புதுத் தண்டு பளபளவென்று ஒரு விரல் அகலத்துக்கு வெளியே தெரிந்தது. நேற்றுப் பார்த்த பழைய தண்டு அப்படித் தெரியவே இல்லை.

“என்னங்க, அந்தத் தண்டு முழுசா உள்ள ஏறல. வெளிய தெரியுது. எறங்கி வந்து பாருங்களேன்.”

அவர் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். “ஏம்மா, கெளம்பற நேரத்துல என்ன பேச்சு இது? புள்ளைய வச்சுக்கிட்டு? நல்ல வார்த்த பேசு.” அவரைக் குறை சொல்ல முடியாது. என்னைப் போலவே குழந்தைக்காகத்தான் பயந்தார். எனக்கு இரும்பின் மேல் பயம். அவருக்கு என் வாயின் மேல்.

இந்த முறை பழம் நசுங்கியது. ஏனென்றால் அது தெறிக்காதபடி என் கணவர் இறங்கிவந்து ஒரு சின்னக் கல்லை அண்டக்கொடுத்துவிட்டுப் போனார். குனிந்தவர் கல்லைப் பார்த்தாரே தவிர, அதற்குச் சற்று மேலே பார்க்கவில்லை. மாமியார் கும்பிட்டுவிட்டு முன்சீட்டில் ஏறினார். நான் குழந்தையோடு பின்னால் ஏறினேன். கேட்டுக்கும் தெருவுக்கும் நடுவே இருந்த கல்பலகையில் வண்டி மெல்ல இறங்கித் தெருவைத் தொட்டது. குழந்தை என் துப்பட்டா நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது. அதன் உச்சந்தலை என் முகவாய்க்குக் கீழே, எண்ணெய் வாசனையோடு.

“ஒரே ஒரு தடவ எறங்கிப் பாத்துடுங்க. ரெண்டு நிமிஷம்.”

“டிராஃபிக் ஆரம்பிச்சுடும் மா. எல்லாம் டைட் பண்ணியாச்சு, விடு” என்று கண்ணாடியைச் சரிசெய்தார். மாமியார் திரும்பி முறைத்தார். அடுத்த வளைவில் பெரிய ரோடு. அதற்கப்புறம் யாரும் எதற்கும் நிறுத்தப்போவதில்லை. இறங்கி முன்னால் போய்ப் படுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. படுத்தாலும் அபசகுனம் என்று என்னைத்தான் திட்டியிருப்பார்கள்.

அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. மாமியார் வந்த மறுநாள், என் கணவர் ஆபீஸுக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டில் யாரோ ஒற்றைத் தும்மல் தும்ம, மாமியார் அவரைத் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, அதற்கப்புறம்தான் அனுப்பினார். மீட்டிங் போயே போய்விட்டது. நான் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

இப்போது சிரிப்பு வரவில்லை. மூச்சை இழுத்து, தெருவே கேட்கும்படி தும்மினேன். ஒன்றே ஒன்று.

“நிறுத்துடா வண்டிய!”

நின்றது. மாமியார் இறங்கிவிட்டார். நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சட்டென்று இறங்கினேன். உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி முதலிலிருந்து கிளம்ப வேண்டும் என்றார் மாமியார். வண்டியும் வாசலுக்குள் வந்து திரும்பக் கிளம்ப வேண்டும். என் கணவர் ஸ்டியரிங்கைக் கையால் ஒரு குத்துக் குத்தினார். கோபத்தில் வேகமாக ரிவர்ஸ் எடுத்தார். முன்சக்கரங்கள் அந்தக் கல்பலகையில் ஏறி உள்பக்கம் தொப்பென்று விழுந்தன.

டொக்.

இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. இடது முன்சக்கரம் கால் சுளுக்கியவன் பாதம் மாதிரி வெளிப்பக்கம் மடங்கிப் படுத்தது. வண்டியின் மூக்கு தரையில் உரசி நின்றது. குழந்தையை எவ்வளவு இறுக்கினேன் என்று அது வீறிட்டு அழுத பிறகுதான் தெரிந்தது. அதே சக்கரம் கிருஷ்ணகிரி ரோட்டில், அந்த வேகத்தில், பக்கத்தில் லாரி போகும்போது மடங்குவது என் கண்முன்னால் ஓடியது. இன்றும் ஓடுகிறது.

என் கணவர் சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் படுத்துப் பார்த்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. குறுக்கு போல்ட் இறுக்கமாக அதே இடத்தில் இருந்தது. தண்டுதான் அதைத் தொடவே இல்லை. போல்ட், தண்டின் தலைக்கு மேலே வெற்றிடத்தில் போய் உட்கார்ந்துகொண்டிருந்திருக்கிறது. எழுந்து வந்தவருடைய முகத்தில் ரத்தமே இல்லை. குழந்தையைத் தொட வந்த கை, கிரீஸைப் பார்த்துவிட்டுப் பாதியில் நின்றது.

மாமியார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். “கொலதெய்வமே உன் மூக்குல வந்து உக்காந்துச்சும்மா” என்றார். நான் மறுக்கவில்லை. மொட்டை போட வேறொரு நாளில், ரயிலில் போனோம். வண்டியை ஜீவனஹள்ளி ஒர்க்‌ஷாப்பில் சரிசெய்து கொடுத்தார்கள். வலது பக்கத்தையும் மாற்றிவிடலாமே என்று மெக்கானிக் கேட்டதற்கு, அது நன்றாகத்தான் இருக்கிறது என்று என் கணவர் சொல்லிவிட்டார்.

மாமியார் ஊருக்குப் போன பிறகு ஒருநாள் சாப்பிடும்போது என் கணவர் கேட்டார். “அன்னிக்கு வந்தது நெஜத் தும்மல் இல்லதானே?”

“இல்ல.”

“தண்டு ஏறலன்னு தெரிஞ்சிருந்தா, எங்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேனே. மூணு தடவ.”

சாதத்தில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். பொய்யாக நடிக்கவெல்லாம் அவருக்கு வராது. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்: “எப்போ?”

அந்தச் சக்கரம் மடங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை.

போன வாரம் மூன்று பேரும் வைட்ஃபீல்ட் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். ஒரு வேகத்தடையில் இறங்கும்போது டொக் என்றது. வலது பக்கம். “என்னங்க, சத்தம் கேக்குது” என்றேன். “ம்” என்று சொல்லிவிட்டு அவர் லேன் மாறினார். முன்னால் மேம்பாலம் வந்தது. பின்னால் திரும்பி மகளைப் பார்த்தேன்.

தும்மினேன். அவர் இண்டிகேட்டர் போட்டு, உடனே வண்டியை ஓரம் கட்டினார்.