சித்தூர் மாநாட்டில் டீ நேரம்

“ரெண்டு பேரு வாயத் தொறக்கறதுக்குள்ள மணி அடிச்சுட்றானுங்கப்பா!”

சித்தூரில் வருஷா வருஷம் நடக்கும் ஆசிரியர் மாநாட்டிலிருந்து திரும்பினால் எத்திராஜ் வாத்தியார் வாயில் இதுதான். பஸ்ஸில் சொல்வார். பாலசமுத்திரத்தில் இறங்கியதும் சொல்வார். மனைவி தாட்சாயணி சோறு போடும்போதும் சொல்வார்.

“மாநாட்டுல என்னாதான் பேசினாங்க?” என்று அவள் கேட்டால் மட்டும் முழிப்பார். “உபாத்யாயுலாரா!” என்று தலைவர் தெலுங்கில், மைக்கை விழுங்கும் குரலில் ஆரம்பித்ததுமே அவருக்குக் கண் சொருகிவிடும். டீ நேரத்துக்குத்தான் விழிப்பு.

டீ நேரம் என்றால் நாகபூஷணம். திருத்தணிப் பக்கத்து வாத்தியார்; அப்போது திருத்தணியும் சித்தூர் ஜில்லாதான். அவருக்கு வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். எத்திராஜுக்கு வீட்டில் தமிழ்; ஆந்திரா பிரிந்த பிறகு பள்ளியில் தெலுங்கும் சேர்ந்துகொண்டது. இருவருமே ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். வருஷம் முழுக்கத் தொழிலைப் பற்றிப் பேச ஆள் கிடையாது.

“எங்க பசங்க தெலுங்குன்னா வாயே தொறக்க மாட்றானுங்க நாகபூஷணங்காரு.”

“ஏமண்டி, அதே பசங்க புத்தூர் சந்தையில நைனா கூடப் போயி தெலுங்குல பேரம் பேசறானுங்களே! கிளாஸ்லயே கடையப் போடுங்க. தெலுங்குல கேட்டாத்தான் வேர்க்கடலை.”

போட்டார். பள்ளி முழுக்கக் கூச்சல். அத்தனையும் தெலுங்குக் கூச்சல். அடுத்த வருஷம் எத்திராஜ் பதிலுக்கு ஒன்று கொடுத்தார்.

“அழுதுக்கினே வர்ற புள்ளைக்கு மணி அடிக்கிற வேலையக் குடுங்க. அப்புறம் வூட்டுக்கே போவமாட்டான்.”

ஒரு வருஷம், டம்ளரில் பாதி டீ இருக்கும்போது நாகபூஷணம் குரலைத் தாழ்த்தினார்.

“அஞ்சு கிளாஸையும் ஒருத்தனே மேய்க்கறதுக்கு ஒண்ணு கண்டுபுடிச்சிருக்கேன். அது என்னான்னா…”

டாண் டாண் டாண்.

“சரி, வர்ற வருஷம் சொல்றேன்.”

வருகிற வருஷத்துக்குள் எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய்விட்டது. நாகபூஷணத்துக்கு வேறு ஜில்லா, வேறு மாநாடு. சித்தூரில் எத்திராஜ் ஆறிப்போன டீயோடு தனியாக நின்றார்.

பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திருத்தணிக்கே போனார். நாகபூஷணம் பூரித்துப்போனார். உள்ளே ஓடி இஸ்திரிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். காபி வந்தது, முறுக்கு வந்தது. புள்ளைங்க சவுக்கியமா, அந்தப் பக்கம் மழை உண்டா. பிறகு இருவரும் சுவரைப் பார்த்தார்கள்.

“என்னமோ சொல்ல வந்தீங்களே, அஞ்சு கிளாஸுக்கு?”

“அவுனு, சொல்ல வந்தேன்.” நாகபூஷணம் நெற்றியைத் தேய்த்தார். “என்னா அது? அங்க நின்னுக்கினு இருந்தா தானா வந்துடும் சாமி. இங்க வரமாட்டேங்குது.”

எத்திராஜுக்கும் அதே கதிதான். வழியெல்லாம் சேர்த்துவைத்த கேள்விகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் எங்கேயோ போய்விட்டன. உள்ளே மைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, போகாமல் நின்று பேசிய பேச்சு அது. வீட்டுக்குள் வர மறுத்தது.

அதற்கப்புறமும் தினம் ஐந்து வகுப்பையும் அவர்தான் மேய்த்தார். இரண்டாம் வகுப்பு கத்தும்போது நான்காம் வகுப்புக்குக் கணக்குப் போடுகையில், அந்த ‘என்னான்னா’ காதில் விழும். அதோடு நின்றுவிடும்.

மணியைத் திட்டுவதும் நின்றுபோயிற்று. “இந்த வருஷம் மணியே அடிக்கலியா?” என்று தாட்சாயணி சீண்டிப் பார்த்தாள். அவர் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டார்.

ரிட்டையர் ஆவதற்கு முந்தைய மாநாடு. டீ நேரம் இன்னும் முடியவில்லை. டிப்டி இன்ஸ்பெக்டர் மாநாட்டு ஹாலுக்குள் எட்டிப் பார்த்தால், காலி நாற்காலிகளுக்கு நடுவில் எத்திராஜ் மட்டும்.

“என்னா வாத்தியாரே, முன்னெல்லாம் மணி அடிச்சாலும் உங்கள ஆளு வுட்டு இழுத்துக்கினு வரணும். இப்ப மொத ஆளா வந்து உக்காந்துட்டீங்க?”

“மணி அடிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கறதுக்கு எதிர்ல ஒரு ஆளு வேணும் சார். அந்த ஆளத்தான் திருத்தணியோட சேத்து மெட்ராஸுக்குக் குடுத்துட்டீங்களே! இனிமே நீங்க மணியே அடிக்காம வுட்டாலும் என் டீ எப்பவோ ஆறிப்போச்சு சார்.”