எஃப்.சி. நாளில் மட்டும் புகையாத வேன்

மகளின் பள்ளி வாசலில் நேற்று ஒரு வேன்காரரிடம், "இன்ஜினை ஆஃப் பண்ணுங்கண்ணே, பிள்ளைங்க நிக்கிறாங்க" என்றேன். "ரெண்டு நிமிஷந்தாங்க" என்றார். மகளைக் கைப்பிடித்துத் தள்ளி நிறுத்திக்கொண்டேன். நான்தான் அநாவசியமாகப் பயப்படுகிறேனோ? வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த டீசல் புகை வாடை மூக்கில் ஏறியதும், இத்தனை வருடம் கழித்தும் என் தாய்மாமாவின் மேல்தான் கோபம் வருகிறது.

பாபநாசத்துக்குப் பக்கத்திலிருந்து தஞ்சாவூருக்கு மாமா பள்ளி வேன் ஓட்டினார். வேனின் பின்பக்கத் தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டையாகிக் கிடந்தது. அதன் வழியாகக் கரும்புகை உள்ளே வரும். தம்பிக்கு வீசிங் உண்டு. அவனும் நானும் அந்தக் கடைசி வரிசையில்தான்.

"சின்னவனையாவது முன்னாடி உட்கார வையேன்டா" என்று அம்மா கெஞ்சுவாள்.

"முன்சீட்டு வாடகை கொடுக்கிற பிள்ளைங்களுக்குக்கா. நம்ம பிள்ளைங்க எங்க உட்கார்ந்தா என்ன?"

நம்ம பிள்ளைகள் என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த சலுகை அது.

வருடத்துக்கு ஒருமுறை வேனை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோய் அதிகாரியிடம் காட்ட வேண்டும். அதற்கு முன்தினம் வீடே கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். வேனுக்குப் புது மஞ்சள் பெயின்ட் அடிப்பார்கள். ஓட்டையைத் தகரம் வைத்து மறைப்பார்கள். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற, தேய்ந்துபோன நாசிலைக் கழற்றிவிட்டு, மெக்கானிக் நண்பரிடம் நல்லதாக ஒன்றை இரவல் வாங்கி மாட்டுவார் மாமா. டீசல் ஒழுங்காக எரியும், புகையே வராது.

ஒரு வருடம் எஃப்.சி. முடிந்த கையோடு மாமா எங்களைப் பள்ளியிலிருந்து அழைத்துப்போக வந்தார். வழி முழுக்கத் தம்பி ஒரு தடவைகூட இருமவில்லை. கண்டக்டர் மாதிரி ஜன்னலில் தட்டி, "அய்யம்பேட்டை இறங்கு! பண்டாரவாடை இறங்கு!" என்று கூவிக்கொண்டே வந்தான். அம்மா வாசலுக்கு வந்து அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இரவல் நாசில் அன்றிரவே திரும்பிப் போய்விட்டது. மறுநாள் காலை மறுபடியும் கரும்புகை. அய்யம்பேட்டை வருவதற்குள் தம்பி இழுக்க ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, நேத்து மாதிரியே வச்சிருக்கக் கூடாதா?"

"அது எஃப்.சி.க்குடி. தினமுமா பட்டு வேட்டி கட்டுறோம்?"

வேனே சிரித்தது. மாமாவுக்கு உற்சாகம் கூடிவிட்டது. "வெளியில பாரு, வயக்காத்துல கரைஞ்சே போயிடுது. இதுக்குப்போய் அழுவுறீங்க."

நல்ல நாசில் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். அதை மாட்டவும் தெரியும். ஓர் அதிகாரியின் மூக்குக்குக் கொடுத்த மரியாதையை அக்கா மகனின் நுரையீரலுக்குக் கொடுக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

அன்று பிற்பகல் விளையாட்டு வகுப்பு. மைதானத்தில் நல்ல வெயில், கண்ணுக்குத் தெரிந்து துளிப் புகை இல்லை. பாதி ஓட்டத்திலேயே தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "வேன் புகை, சார்" என்றான். "எங்கடா புகை? நடிக்கிறியா?" என்று விளையாட்டு சார் அவனை எழுப்பி மறுபடி ஓட விட்டார். காலைப் புகையோடு முடிந்தது என்றுதான் அவரும் நினைத்திருப்பார்.

சாலையில் போகிற அத்தனை வண்டிகளும் விடுகிற நைட்ரஜன் ஆக்சைடும், எரியாமல் மிஞ்சிய எரிபொருள் ஆவியும் வெயிலில் கலந்து ஓசோனாக மாறும் என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன். அதற்கு நிறம் கிடையாது. வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும்.

அன்று காலை வேனில் எனக்கு இதெல்லாம் தெரியாது. வெளியில் பார் என்று மாமா சொன்னதும் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கரும்புகை நடவு வயல்களுக்கு மேலே மெலிந்து, வெளுத்து, காணாமல் போனது. தம்பியின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, "அழாதடா, பாரு, போயிடுச்சு" என்றேன். அவனும் அதை நம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றாக ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டான்.