சிவப்புக் காரின் பானெட்

நீலகிரியில அலமாரியில வைக்கிற பழைய பிளாஸ்டிக் மாடல் காருக்கு டாக்டர்னா நான் ஒருத்தன்தான். படிச்சது எட்டாவது. ஆனா ஜெர்மனிக்காரனே போன் போட்டுச் சந்தேகம் கேட்பான்.

போன மாசம் வெலிங்டன்ல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. காலமான வீட்டுக்காரர் பாகம் பாகமா வர்ற கிட் வாங்கித் தன் கையால ஒட்டின சிவப்புக் கார் ஒண்ணு, சக்கரம் கழண்டு கிடந்தது.

"சக்கரத்தை மட்டும் மாட்டிக் குடுங்கண்ணா"ன்னாங்க.

நம்ம கைக்கு வந்த கார் வேலை சக்கரத்தோட நிக்குமா? பிரேக் ஆயில்ல ஊறவெச்சுப் பழைய பெயிண்டை எடுத்தேன். பானெட்டுல பசைக்கையோட அமுக்கின கட்டைவிரல் தடம், பிளாஸ்டிக்கே உருகிப் பதிஞ்சிருந்தது. கத்துக்குட்டி வேலை! நாலு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக் கண்ணாடியாக்கினேன். மஞ்சு மூடின ஈரத்துல அடிச்சா பெயிண்ட் வெள்ளை பூத்துடும்னு, ஒரு வாரம் வெயிலுக்குக் காத்திருந்து அடிச்சேன்.

இன்னிக்குக் குன்னூர் பஸ் ஸ்டாண்டுல வெச்சுக் கொடுத்தேன். அந்தம்மா பானெட்டைத் தடவிக்கிட்டே இருந்தாங்க.

"ஏனுங்கண்ணா, இங்க அவரு விரல் இருந்துச்சுங்களே?"

"அது டேமேஜுங்கம்மா. லென்ஸ் வெச்சுத் தேடினாலும் கிடைக்காது!"

"தினமும் அதுமேலதானுங்க என் விரலை வெச்சுப் பார்ப்பேன்."

பஸ் வந்துருச்சு. "கார் நல்லாத்தானுங்க இருக்குது"ன்னு சொல்லிட்டு ஏறிட்டாங்க.

இவ்வளவு சுத்தமா உலகத்துல எவனும் தேய்ச்சிருக்க மாட்டான். இப்ப அதுதான் பிரச்சினை.

உங்க ஊட்டுல துடைக்கக் கூடாத கறை ஏதாச்சும் இருந்தா, கமெண்ட்ல இப்பவே சொல்லிடுங்க. என் கை சும்மா இருக்காது.