கோப்பையில் கட்டிய சிவப்புத் துணி

என் எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும். ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. வருஷம், தேதி எல்லாம் மறந்துவிட்டது. கோபம் மட்டும் மறக்கவில்லை.

1. துணி

எண்பதுகளில் மலேசியாவில், ஈப்போ நகரில் ஒரு மருத்துவமனையில் ஆயா வேலை பார்த்தேன். நோயாளிகளுக்கு மைலோ, தேத்தண்ணி கலக்குகிற புஷ்பம் எனக்குத் தங்கை மாதிரி. ஒரு முறை ரத்ததானம் செய்தாள். மஞ்சக்காமாலை கொண்டுவருகிற ஹெபடைட்டிஸ் பி கிருமி இருக்கிறது, அவள் கேரியர், நோய் இல்லாமலே கிருமியைச் சுமக்கிறவள் என்று கடிதம் வந்தது. அவள் ஒரு நாள்கூட முடியவில்லை என்று படுத்தவள் இல்லை.

“அக்கா, யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. வேல போயிரும்லா.”

நான் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தில் மஞ்சக்காமாலைக்காரர் கோப்பையில் சிவப்புத் துணி கட்டி வைப்போம், வேறு ஆள் எடுக்கக் கூடாது என்று. அந்தப் பழக்கத்தில் அவள் கோப்பைக் காதில் ஒரு சிவப்புத் துணித் துண்டைக் கட்டிவிட்டேன்.

எங்கள் சூப்பர்வைசர் அம்மாவும் தோட்டத்துக்காரிதான். பார்த்ததுமே புரிந்துவிட்டது.

“யாருக்குடி மஞ்சக்காமாலை?”

புஷ்பம் அழுதுவிட்டாள்.

“இந்தக் கையாலயா இத்தன பேருக்கும் கலக்குன? நாளைக்கு வராத!”

நாயை விரட்டுவதுபோல் விரட்டினாள்.

2. டாக்டர் சொன்னது

விஷயம் கேட்டு வார்டு டாக்டரம்மா வந்தார், சின்ன வயது.

“குடல்லேருந்து வர்ற ரத்தம் ஈரலுக்குத்தான் போகுது. சாப்பாட்டுல வர்ற ஒவ்வொண்ணுகூடவும் கிருமிய எதுக்குற வெள்ளை அணு, டி செல், சண்டை போட்டா ஈரல் கெட்டுரும். அதனால ஈரல் அதுங்கள அடக்கி வைக்குது. அடக்குறதுக்குன்னே சில டி செல்லும் இருக்கு. இவளுக்குப் பொறக்கும்போதே அம்மாகிட்டேருந்து கிருமி வந்திருக்கும். உடம்பு அதோட சண்டை போடாம விட்டுருச்சு. ரத்தம், உடலுறவு வழியாத்தான் பரவும், தேத்தண்ணியில இல்ல. ஈரல மட்டும் அப்பப்ப செக் பண்ணணும்.”

“அப்ப அவ கலக்குனத நீங்க குடிங்க டாக்டர்!” என்றாள் சூப்பர்வைசர் அம்மா.

“நேத்துவரைக்கும் நீங்களும் அதத்தானே குடிச்சீங்க?”

டாக்டரம்மா கோப்பையைத் தூக்கிக் காட்டி, “யாரு இதக் கட்டுனது?” என்றார்.

நான் துடைக்கிற மாப்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

அத்தனை படித்தவர் சொல்கூட ஆபீசில் எடுபடவில்லை. புஷ்பத்தைத் திரும்ப எடுக்கவில்லை. பக்கத்து ஊர் ஜெலாப்பாங்கில் ஏதோ ஃபாக்டரிக்குப் போனாள். என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள்.

வேலையில் நான் கற்றது இதுதான்: தெரியாத நோய்க்கு அடையாளம் கட்டாதே. கட்டிவிட்டால், கேட்கும்போது வாயைத் திற.

ஈரல், டி செல் பற்றி எழுதியது சரியா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். துணி கட்டியது யார் என்பதை மட்டும் விசாரிக்க வேண்டாம். அதில் திருத்த ஒன்றுமில்லை. நான்தான்.