வடிவா இருக்கு

கேட்டது வெறும் தேத்தண்ணி. கடைக்காரர் கொண்டுவந்து வைத்தது பால் விட்டது, சீனியும் அள்ளிப் போட்டது. றஞ்சித் கிளாசுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு அடிவரை குடித்து முடித்து, வெறும் கிளாசைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நல்லாயிருக்கு அண்ணை" என்றார். பால் அவருடைய வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அன்று மத்தியானம்வரை அவரை வேலைக் கொட்டில் பக்கம் காணக் கிடைக்கவில்லை.

குருநகர்க் கடற்கரையில் உடைந்த பைபர் படகுகளைத் திருத்துவது அவர் தொழில். வலையும் கயிறும் விற்கும் என் கடைக்குப் பக்கத்தில்தான் அவருடைய தகரக் கொட்டில். திருத்தி முடித்த இடத்தில் கண்களை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓடவிடுவார். எங்காவது ஓரிடத்தில் கை தயங்கி நிற்கும். உடனே உரசும் கிறைண்டரை எடுத்து, காய்ந்து இறுகிய றெசின் பசையை முழுவதும் உரசி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குவார். "உது காணும் தம்பி, நாளைக்குத் தொழிலுக்குப் போகவேணும்" என்று படகுக்காரர் கெஞ்சினாலும் காதில் விழாது. "உள்ளுக்கை காத்து நிக்குது. தண்ணி பூந்திடும்" என்பார், தலையை நிமிர்த்தாமலே.

அடுத்தவர் செய்த வேலையிலும் எல்லாப் பிழையும் அவர் கண்ணில் படும். வாய்க்குத்தான் வந்து சேராது. முடி வெட்டுகிறவர் ஒரு பக்கக் கிருதாவை ஏற்றி வெட்டிவிட்டால், வீட்டுக்கு வந்து மற்றப் பக்கத்தைத் தானே ஏற்றிக்கொள்வார். தையற்காரர் ஒரு கையை நீளமாகத் தைத்துக் கொடுத்த சேர்ட்டை, இரண்டு கைகளையும் முழங்கைவரை மடித்துவிட்டுப் போடுகிறார். ஏன் என்று கேட்டால், "இப்ப உதுதானே ஸ்ரைல்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்.

இப்படிப்பட்டவருக்கு முப்பத்தாறு வயதில் கலியாணம் பேசி முற்றாயிற்று. பெண் பக்கத்தூரான கொழும்புத்துறை, பெயர் லவீனா. தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் நோயாளருக்கு இரத்தம் எடுக்கும் வேலை. நாள் முழுதும் கையில் கையுறை. அதனால், மோதிரம் மாற்றும் நாளுக்கான மோதிரத்தைக் கடையில் இருப்பதில் எடுக்கக்கூடாது, சொல்லிச் செய்விக்க வேண்டும் என்று றஞ்சித் தீர்மானித்தார். படகின் முன்புறத்து அணியம் வரைகிற பென்சிலால் அதைத் தானே வரைந்தார். சின்ன நீலக்கல், விரலோடு படிந்து கிடக்க வேண்டும், கையுறையைக் கிழிக்கக்கூடாது. படத்தை வாட்ஸப்பில் நகைக்கடைக்கு அனுப்பிவிட்டு எனக்கும் காட்டினார். பார்க்க மோதிரம் போலவும் இருந்தது, கொஞ்சம் படகு போலவும் இருந்தது.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் பிரகாஸ் என்ற இளைஞர் நடத்தும் சிறிய கடை அது. மோதிரத்தை எடுக்கப் போனபோது றஞ்சித் என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். பிரகாஸ் சின்னச் சிவப்புப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு றஞ்சித்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "எப்பிடி அண்ணை?"

றஞ்சித் மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியால் ஒருமுறை தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றதை நானும் கண்டேன்.

"வடிவா இருக்கு" என்றார்.

தெருவுக்கு வந்து மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணாமல் நின்றபடி, முழுவதையும் எனக்குச் சொன்னார். கல் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. கேட்டதைவிட உயரம். கல்லைப் பிடித்து நிற்கும் நான்கு தங்க நகங்களில் ஒன்று கல்லில் படியாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே பற்றவைத்த இடத்தில் தழும்பு.

"உதை அங்கை சொல்லியிருக்கலாமே?"

"பெடியன் முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறான் அண்ணை. எப்பிடிச் சொல்லுறது?"

அடுத்த நாள் என்னைப் பிரகாஸாக நிற்கவைத்துப் பேசிப் பழகினார். நான் முகத்தைக் கொஞ்சம் சுளித்ததும், "சரி, பரவாயில்லை, விடும்" என்றார். ஆனாலும் துணிந்து தனியே போனார். திரும்பி வந்தபோது கையில் இன்னொரு சிவப்புப் பெட்டி. அக்காவின் மகளுக்குக் காதுப்பூ. "போன உடனை சோடா உடைச்சுத் தந்தான். சும்மா வர ஏலுமோ?"

அக்கா பெர்னடெட் குருநகரில் மீன் விற்பவர். அவர் குரல் எழுப்பினால் சந்தையில் தராசு தானாகச் சரியாகும். விசயம் தெரிந்ததும், "நான் போய்க் கேட்டுக்கொண்டு வாறன்" என்று முந்தானையைச் செருகினார். றஞ்சித் ஓடிப்போய் மோதிரத்தைத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

மோதிரம் மாற்றிய அன்று அதேதான் லவீனாவின் விரலில் ஏறியது. தேவாலயச் சுவாமியார் ஆசீர்வதித்தார், எல்லோரும் கை தட்டினார்கள். படம் எடுத்தபோது றஞ்சித் தன் பெருவிரலால் கல்லைக் கொஞ்சம் நேரே தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். படங்களில் அவர் அவளுடைய கையை ஆசையோடு பற்றியிருப்பதாகத்தான் தெரிகிறது.

அடுத்த கிழமை லவீனாவின் ஸ்கூட்டி கொட்டிலின் வாசலில் வந்து நின்றது. என் கடையில் அப்போது ஆட்கள் இல்லை. காதைப் பொத்திக்கொள்ள எனக்கு மனமும் இல்லை.

"போடுற கையுறையெல்லாம் கிழியுது. இண்டைக்கு ஒரு பிள்ளையின்ரை கையிலையும் கீறிப்போட்டுது. கல் ஆடுது. நீங்கள் வாங்கேக்கை பாக்கேல்லையோ?"

"பாத்தனான்."

"தெரிஞ்சதோ?"

"ஓம்."

"கடையிலை என்ன சொன்னனீங்கள்?"

றஞ்சித் கிறைண்டரின் வயரைக் கையில் சுற்றினார். "வடிவா இருக்கு எண்டு."

லவீனா தணிந்த குரலில் கேட்டாள். "பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு என்னையும் வடிவா இருக்கிறீர் எண்டுதானே சொன்னனீங்கள்?"

"அது உண்மை."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? நாளைக்கு என்ரை சமையலையும் நல்லம் எண்டுவியள். நான் விடுற பிழையையும் நல்லம் எண்டுவியள். உள்ளுக்கை என்ன நினைக்கிறியள் எண்டு நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

மோதிரத்தைக் கழற்றி அவருடைய றெசின் பிடித்த உள்ளங்கையில் வைத்தாள். "சொல்லித் திருத்துவிச்சுக்கொண்டு வாங்கோ. அக்காவை அனுப்பக்கூடாது. நீங்களா அரத்தை எடுத்து ராவவும் கூடாது. வாயாலை சொல்லவேணும்."

அவள் போன பிறகு றஞ்சித் ஒரே இடத்தை உரசிக்கொண்டே இருந்தார். படகுக்காரர் வந்து கையைப் பிடித்து நிறுத்தாவிட்டால் புதிதாக ஓர் ஓட்டை விழுந்திருக்கும். பின்னேரம் என் கடை வாசலில் வந்து நின்றார். முகம் கறுத்துப் போயிருந்தது. "அண்ணை, அவ என்னை வேண்டாமெண்டு சொல்லிப்போடுவாவோ?"

"அது உம்மடை வாயிலை இருக்கு" என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

இரண்டு பேருமாகப் பட்டினத்துக்குப் போனோம். எங்களைக் கண்டதும் பிரகாஸ் சோடாவை எடுக்கப் போனார். "சோடா வேண்டாம்" என்று றஞ்சித் சொன்னபோது, அதுவே பெரிய முன்னேற்றம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"வீட்டிலை எல்லாருக்கும் பிடிச்சுதோ அண்ணை?"

"ஓம், எல்லாருக்கும்..." றஞ்சித் அந்த இடத்தில் நின்றுவிட்டார். நெற்றியில் வேர்வை. கடைக்குள் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. "இல்லைத் தம்பி. கையைத் தாரும். கண்ணை மூடும்."

பிரகாஸ் ஒன்றும் விளங்காமல் கண்ணை மூடினார். மோதிரத்தை அவர் கையில் கொடுத்து, "இப்ப மெல்லமாத் தடவிப் பாரும்" என்றார் றஞ்சித். பிரகாஸின் விரல் போய், ஓரிடத்தில் சிக்கி நின்றது.

"கொழுவுது" என்றார் பிரகாஸ், கண்ணைத் திறக்காமலே.

அதன் பிறகு றஞ்சித்துக்கு வாய் திறந்துகொண்டது. சரிவு, உயரம், ஆட்டம், தழும்பு எல்லாம் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் "குறை நினைக்காதையும்" என்றும் சேர்த்துக்கொண்டார். சொல்லி முடித்தபோது, பேச்சு வாங்கியவர் அவர்தான் என்பது போல மூச்சு வாங்கியது.

பிரகாஸ் கோபிக்கவில்லை. "எனக்குத் தெரியும் அண்ணை. கலியாணச் சீசன், அவசரத்திலை செய்தது. தரேக்கையே எனக்கு நெஞ்சு இடிச்சுது. நீங்கள் வடிவா இருக்கு எண்டு சொன்னவுடனை, சரி, ஆக்களுக்குத் தெரியேல்லை எண்டு விட்டிட்டன்."

"அண்டைக்கே சொல்லியிருந்தால்?"

"அண்டைக்கே பிரிச்சுச் செய்து தந்திருப்பன்."

றஞ்சித் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன்.

மோதிரத்தைப் பிரித்து, உருக்கி, புதிதாகவே செய்தார்கள். எடுக்கப் போன அன்று றஞ்சித் அதை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணை மூடித் தடவி, "உள்விளிம்பு இன்னும் கொஞ்சம் உரஞ்சுது தம்பி" என்றார். பிரகாஸ் உள்ளே கொண்டுபோய் மினுக்கிக் கொடுத்தார். புறப்படும்போது வாசலில் திரும்பி நின்று, "உந்த அலுமாரிக் கண்ணாடியும் கொஞ்சம் சரிவாத்தான் பூட்டியிருக்கு" என்றார். நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கொழும்புத்துறையில் லவீனா வீட்டில் சாப்பாடு. என்னையும் அழைத்திருந்தார்கள். கல் இப்போது விரலோடு படிந்து கிடந்தது. லவீனா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இப்ப எப்பிடி?" என்று அவரையே கேட்டாள்.

"கல் நேர். உயரமும் சரி. பற்றவைச்ச இடம் மட்டும் உள்ளுக்கை கொஞ்சம் தெரியும். அது எவ்வளவு மினுக்கினாலும் மறையாது" என்றார்.

அவள் தலையை ஆட்டிவிட்டுக் குசினிக்குள் போனாள். அன்றைய சமையல் அவளுடையது. புட்டும் நண்டுக்கறியும். தட்டுகளில் பரிமாறிவிட்டு, அகப்பையைக் கையில் பிடித்தபடியே மேசையோரத்தில் நின்றாள். தாய் நின்றார், தகப்பன் நின்றார். றஞ்சித் ஒரு பிடி புட்டைக் கறியில் குழைத்து வாயில் வைத்தார். மென்றார். "நல்லா..." என்று தொடங்கியவர் வாயை மூடிக்கொண்டார்.

அவருடைய இடது கை மேசையில் மெல்ல ஊர்ந்து, உப்புப் போத்தல் இருந்த பக்கம் போய், பாதி வழியில் நின்றது. லவீனாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எட்டி, போத்தலை எடுத்துத் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.