மெஷின் அத்தை கையில் கொடுக்கும் பிஸ்டன்

ஆயில் புட்டியின் மூடியைத் திருகி, ஒரு சொட்டைக் கட்டைவிரலில் விட்டு, ஆள்காட்டி விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்த பிறகுதான் லேபிளைப் படிப்பார் மெஷின் அத்தை. "மருமகளே, என் கண்ணாடி எங்க?" என்பார். அது அவர் தலைமேலேயே இருக்கும். புல் வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் மெஷின், மருந்தடிக்கும் மெஷின் எல்லாம் என் அப்பாவின் அக்காவான அவருடைய பட்டறைக்குத்தான் வந்து சேரும்.

வருகிறவர்களிடம் முதல் கேள்வி, "இந்த எஞ்சினுக்கு வேர்த்தா யாரு விசிறி விடுறது?" முழித்தால் அவரே சொல்வார். "காத்துதான். படகு எஞ்சினுக்கு சுத்தித் தண்ணி ஓடும், சொகுசு. இது வெந்து சாகிற ஜென்மம். சூடு தாங்குற ஆயிலா பாத்து ஊத்துங்க."

யாரையும் திட்ட மாட்டார். எஞ்சின் இறுகிப்போனால் பிஸ்டனைக் கழற்றித் துடைத்து, யாரால் கெட்டதோ அவர் உள்ளங்கையில் வைப்பார். அவ்வளவுதான். போன வாரம் ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டிய தோட்டக்காரர், "கம்பெனியே சரியில்லக்கா" என்று அரைமணி நேரம் பேசினார். பிஸ்டன் கைக்கு வந்ததும் வாய் மூடிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை மரம் வெட்டும் அப்பா தன் மெஷின் ரம்பத்தைக் கொண்டுவந்தார். கூட நானும் வந்தேன். மரத்தின் மேல், கிளையைப் பாதி அறுத்திருந்தபோது மெஷின் இறுகி நின்றுவிட்டது. பாதிக் கிளை தானாக முறிந்து அவர் தோளை உரசிக்கொண்டு விழுந்திருக்கிறது. இடுப்பில் கயிறு இருந்ததால் அப்பா இருக்கிறார்.

"நான்தான்க்கா ஆயில் கலக்க மறந்திருப்பேன். மறதி வந்துடுச்சு. இனிமே மரம் ஏறல" என்றார். முப்பது வருடமாக ஏறுகிற மனிதர்.

"நீ மறக்குற ஆளாடா? பத்து வயசுல உன் பம்பரத்தை ஒடச்சேன்னு இன்னும் சொல்லிக் காட்டுற."

அத்தை பிஸ்டனை வெளியே எடுத்தார். பக்கவாட்டில் நகத்தால் பிறாண்டியது போல் நெடுங்கோடுகள். வளையங்கள் கரியில் புதைந்து அசையாமல் ஒட்டியிருந்தன.

"வெறும் பெட்ரோல்னா இவ்வளவு கரி பிடிக்காது. ஆயில் போட்டிருக்க. எந்த ஆயிலு?"

அப்பா பையிலிருந்து புட்டியை எடுத்துக் கொடுத்தார். அத்தை தேய்த்தார், முகர்ந்தார். லேபிளில் நீல அலை, அதன்மேல் ஒரு படகு.

"இதை யாருடா வாங்குனது?"

"ஆயில்ல குறை இருக்காதுக்கா. படிச்ச புள்ள, லேபிளை முழுசா படிச்சுட்டுத்தான் வாங்குச்சு. கடையிலயே விலை கூடுனது."

முழுசாகத்தான் படித்தேன். 'தண்ணீரால் குளிரும் எஞ்சின்களுக்கு' என்ற வரியையும் படித்தேன். ரம்பத்துக்கு வேண்டிய 'டூ ஸ்ட்ரோக்' என்ற சொல்லும் இருந்தது, விலையும் அதிகம். படகை அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். அத்தையின் விசிறிக் கேள்வியை நூறு தடவை கேட்டுச் சிரித்தவளுக்கு, கடையில் நின்றபோது அது ஏன் நினைவு வரவில்லை? எங்கள் வீட்டில் லேபிள் படிக்கிற முதல் ஆள் நான். நான் படித்ததை யாரும் சரிபார்ப்பதில்லை. நானும்தான்.

சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை துணியை எடுத்துவிட்டார்.

அத்தை பிஸ்டனைத் துணியால் துடைத்தார். அப்பா தலையைக் குனிந்தபடி கையை நீட்டினார். அத்தை அந்தக் கையைத் தாண்டி வந்து, என் உள்ளங்கையை விரித்து, பிஸ்டனை வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.